இரண்டாவது கையொப்பம்

பேரரசுகள் வீழ்ந்த வரலாற்றைப் படிக்கும்போது நம் கண்கள் இயல்பாக இரண்டு இடங்களையே நாடுகின்றன. ஒரு பக்கம் முடியிழந்த மன்னர். மறு பக்கம் அம்முடியைப் பறித்த மக்கள். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று பணிபுரிந்தவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஆயினும் ஓர் அரசு நாள்தோறும் நடைபெறுவது அவர்கள் கையால்தான். அவ்வரசு முடிவெய்தும் நாளிலும் அவர்களுடைய கை வேண்டியிருக்கிறது.

ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ் 1917ஆம் ஆண்டில் முடிதுறந்த பத்திரம் காலத்தால் அழியாமல் நம்மிடையே நின்றிருக்கிறது. தட்டெழுத்துப் பொறியில் அடித்த ஒரு தாள், அவ்வளவே. அதன் அடியில் வலப்புறத்தே பென்சிலால் இட்ட ‘நிக்கலஸ்’ என்ற கையொப்பம் உள்ளது. இடப்புறத்தே, ‘அரண்மனை அமைச்சர்’ என்ற பதவிப் பெயரோடு இரண்டாவது கையொப்பம் ஒன்று காணப்படுகிறது. முதற் கையொப்பத்தைப் பற்றி எழுந்த நூல்கள் எண்ணில. இரண்டாவது கையொப்பத்திற்கு உரியவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவர்தாம் குதிரைப்படை ஜெனரல் விளாதிமிர் பிரெடரிக்ஸ் பிரபு. அவருடைய வாழ்க்கையையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இவ்வுரையில் வரும் ருஷ்ய நாட்டு நாட்கள் அக்காலத்து ருஷ்யர்கள் கைக்கொண்ட பழைய பஞ்சாங்கத்தின்படி அமைந்தவை. இருபதாம் நூற்றாண்டு நாட்களோடு பதின்மூன்று நாட்களைக் கூட்டிக்கொண்டால் நம் கணக்கு வந்துவிடும்.

பிரெடரிக்ஸ் 1838ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய குடும்பம் ருஷ்ய மண்ணில் தோன்றியதன்று. அதன் மூலம் ஸ்வீடன் தேசத்தது என்பது குடும்ப வழக்கு. இரண்டாம் காதரைன் பேரரசியின் காலத்தில் அக்குலத்தார் ஒருவர் அரண்மனைக்குக் கடன் கொடுத்துதவும் வணிகராக விளங்கினார். அவருக்கு 1773இல் ‘பாரன்’ என்னும் பட்டம் கிடைத்தது. பணத்தாலும் பணியாலும் உயர்ந்த குடும்பம் அது. ருஷ்யாவின் வைதிகக் கிறிஸ்தவத்தைத் தழுவாமல் லூதரன் சமயத்தையே பின்பற்றி வந்தது. பெயரில் அயல்நாட்டு ஒலி; வழிபாட்டில் வேறு நெறி; ஆனால் நெஞ்சு முழுவதும் ஜார் மன்னரிடத்தே. ருஷ்யச் சக்கரவர்த்திகளுக்குப் பணிபுரிந்த இத்தகைய குடும்பங்கள் பல உண்டு. பிற்காலத்தில் இந்தப் பெயரே பிரெடரிக்ஸுக்குப் பகையாக மாறியதைப் பின்னர்க் காண்போம்.

இளமையிலேயே அவர் சக்கரவர்த்தியின் மெய்காவற் குதிரைப் படையிற் சேர்ந்தார். அந்நாட்டின் பெருங்குடி மக்கள் தம் புதல்வர்களைச் சேர்க்க விரும்பிய படை அது. போர்க்களத்து வெற்றியைக் காட்டிலும் அணிவகுப்பின் ஒழுங்கிலும், உடையின் பொலிவிலும், குதிரையின் நடையிலும் அங்கே கண்ணுங் கருத்துமாக இருப்பார்கள். பிரெடரிக்ஸ் அந்தக் கல்வியில் முதல் மாணவர். 1875 முதல் 1883 வரை அப்படைக்கு அவரே தலைவர். இடையே 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்தி வெடிகுண்டுக்கு இரையானார். மூன்றாம் அலெக்சாந்தர் அரியணை ஏறினார். அரசர் மாறினாலும் படைத்தலைவரின் பணி மாறவில்லை. 1891இல் அரண்மனை லாயங்களின் நிர்வாகம் அவரிடம் வந்தது. 1893இல் அரண்மனை அமைச்சருக்குத் துணைவரானார். இந்தப் படிகளைக் கவனியுங்கள். லாயத்திலிருந்து அரண்மனைக்குச் செல்லும் வழி அது. நாட்டின் வயல்களுக்கோ, தொழிற்சாலைகளுக்கோ, நீதிமன்றங்களுக்கோ செல்லும் வழியன்று.

அரண்மனை அமைச்சர் என்றால் யார்? நம்மிற் பலர் இப்பதவியை விருந்துகளுக்கு ஏற்பாடு செய்யும் ஓர் அதிகாரியின் பதவி என்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு மிகவும் அப்பாற்பட்டது. முதலாம் நிக்கலஸ் சக்கரவர்த்தி 1826இல் இந்த அமைச்சகத்தை நிறுவினார். அன்றுமுதல் 1917இல் அது மறையும் வரை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், அமைச்சர்களாய் இருந்தவர்கள் ஐவரே: வொல்கோன்ஸ்கி கோமகன், அட்லர்பெர்க் குடும்பத்தில் தந்தையும் மகனுமாக இருவர், வொரொந்த்ஸோவ்-டாஷ்கோவ் பிரபு, இறுதியாக பிரெடரிக்ஸ். ஐவரும் இராணுவ உடை தரித்தவர்கள். ஐவரும் மன்னருக்கு நெருங்கிய நண்பர்கள்.

இந்த அமைச்சகத்தின் ஆட்சி எல்லையோ ஒரு சிற்றரசைப் போன்றது. மாளிகைகள், பூங்காக்கள், லாயங்கள், வேட்டைக் காடுகள் ஆகியவை ஒரு பகுதி. பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் இருந்த சக்கரவர்த்தி நாடக அரங்குகள், நுண்கலைக் கழகம், ஹெர்மிடேஜ் கலைக்கூடம், பெயர் பெற்ற பீங்கான் தொழிற்சாலை ஆகியவை மற்றொரு பகுதி. சைபீரியாவில் அல்தாய் மலைச் சாரலிலும் நெர்ச்சின்ஸ்க் பகுதியிலும் சக்கரவர்த்தியின் சொந்த உடைமையாக இருந்த நிலங்களும் சுரங்கங்களும் இன்னொரு பகுதி. அரச குடும்பத்தாரின் வாழ்க்கைச் செலவுக்கென்று பால் சக்கரவர்த்தி 1797இல் ஒதுக்கிவைத்த நிலங்களும் இதில் அடங்கும். உலகம் புகழ்ந்த ருஷ்ய நாட்டியக் கலைஞர்களும் பாடகர்களும் இந்த அமைச்சகத்திடமே சம்பளம் பெற்றனர்.

இவ்வளவுக்கும் கணக்குக் கேட்போர் யார்? சக்கரவர்த்தி ஒருவரே. அரசாங்கத் தணிக்கையாளரின் கை இங்கு நீளாது. 1906இல் டூமா என்னும் மக்கள் மன்றம் கூடிய பின்னரும், அந்த ஆண்டின் அளவுக்குட்பட்ட அரண்மனைச் செலவை அம்மன்றம் விவாதிக்கவும் குறைக்கவும் கூடாது என்று சட்டமே வரையறுத்துவிட்டது. கேட்பாரற்ற செல்வம் குவிந்த இத்தகைய இடத்தில் நேர்மையற்றவர் ஒருவர் அமர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரெடரிக்ஸின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. இருபது ஆண்டுகள் அந்தக் கருவூலத்தின் வாயிலில் அவர் நின்றார்; அவர் கை கறைபட்டதென்று பகைவரும் சொல்லவில்லை. சகாக்களைப் பற்றிக் கடுமையாக எழுதுவதில் வல்லவரான விட்டே பிரபுகூட, பிரெடரிக்ஸின் நாணயத்தையும் பெருந்தன்மையையும் போற்றினார். அரசியல் நுண்மை என்று வரும்போதுதான் விட்டேயின் பாராட்டு நின்றுவிடுகிறது.

அவர் பதவிக்கு வந்த சூழ்நிலையே ஓர் எச்சரிக்கை போன்றது. 1896ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் நிக்கலஸுக்கு மாஸ்கோவில் முடிசூட்டு விழா நடந்தது. விழாவையொட்டி ஹோதின்கா என்னும் மைதானத்தில் ஏழை மக்களுக்குப் பரிசுப் பொட்டலங்களும் பானமும் வழங்க ஏற்பாடாகியிருந்தது. இரவிலிருந்தே பல இலட்சம் மக்கள் கூடினர். குழிகளும் பள்ளங்களும் நிறைந்த அந்த மைதானத்தில், விடியற்காலையில் கூட்டம் முன்னோக்கிப் பாய்ந்தது. மிதியுண்டு இறந்தோர் தொகை 1,389 என்பது அரசாங்கத்தார் கொடுத்த கணக்கு. அன்றிரவே பிரெஞ்சுத் தூதர் அளித்த நடன விருந்தில் சக்கரவர்த்தியும் பேரரசியும் கலந்துகொண்டனர். பொறுப்பு மாஸ்கோ நகர அதிகாரிகளுடையதா, அரண்மனை அமைச்சகத்தினுடையதா என்று நீண்ட வழக்கு எழுந்தது. அடுத்த ஆண்டில் வொரொந்த்ஸோவ்-டாஷ்கோவ் விலக, 1897இல் பிரெடரிக்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய அலுவலகத்தின் தலைவராக 1900 முதல் 1916 வரை இருந்த மொசலோவ் என்னும் ஜெனரல், பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளை எழுதினார். பிரெடரிக்ஸை நாம் அருகிலிருந்து காண்பது பெரும்பாலும் அவர் கண்கள் வழியாகவே. உயர்ந்த மெலிந்த உருவம், முறுக்கிய வெண்மீசை, மார்பு நிறைந்த பதக்கங்கள். ருஷ்ய அரண்மனை என்னும் கருத்தே உருக்கொண்டு வந்தாற்போன்றவர் என்று பிரெஞ்சுத் தூதர் பலியோலோக் அவரை வருணித்தார்.

1903ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் குளிர்கால அரண்மனையில் நடந்த மாறுவேட நடன விழா அவருடைய நிர்வாகத் திறமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. விருந்தினர் 390 பேரும் பதினேழாம் நூற்றாண்டு ருஷ்யரின் உடையில் வந்தனர். சக்கரவர்த்தி நிக்கலஸ், தம் முன்னோராகிய அலெக்சி ஜாரின் கோலத்தில் தோன்றினார். எல்லாம் குறித்தபடி, குறித்த நிமிடத்தில் நடந்தன. அடுத்த ஆண்டில் ஜப்பானோடு போர் மூண்டது, அதன்பின் புரட்சி. அத்தகைய பெருவிழா அந்த அரண்மனையில் மறுபடி நடக்கவே இல்லை. இருநூறு ஆண்டு பின்னோக்கிச் சென்று உடை தரித்து ஆடிய அந்தப் பிரபுக் குலம், இரண்டாண்டு முன்னோக்கிப் பார்க்கத் தவறிவிட்டது.

விழாக்கள் மட்டுமன்றி மற்றொரு கடினமான கடமையும் அவருக்கு இருந்தது. நிக்கலஸ் சக்கரவர்த்தி இயல்பில் மென்மையானவர். ஒருவர் முகத்துக்கெதிரே கசப்பான செய்தியைச் சொல்ல அவருக்கு மனம் வராது. அரச குடும்பத்தாரிடம் அத்தகைய செய்திகளைச் சுமந்து செல்லும் பொறுப்பு பிரெடரிக்ஸுக்கே வாய்த்தது. 1905இல் சக்கரவர்த்தியின் ஒன்றுவிட்ட சகோதரர் கிரில் கோமகன், மன்னரின் அனுமதியின்றி ஜெர்மனியில் மணம்புரிந்துகொண்டார். மணமகள், பேரரசியின் சகோதரரை மணந்து விவாகரத்துப் பெற்றவர். கிரில் நாடு திரும்பிய அன்று இரவிலேயே பிரெடரிக்ஸ் அவரிடம் சென்றார். பதவிகள் பறிக்கப்பட்டன என்றும், உடனே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் அறிவித்தார். சொல் மன்னருடையது, அதனால் வந்த வெறுப்பில் ஒரு பங்கு தூதுவருக்கு.

அதே ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்ததை நான் அவர் வாழ்வின் முதற் சோதனையாகக் கருதுகிறேன். நாடெங்கும் வேலைநிறுத்தம். இரயில்கள் நின்றுவிட்டன. சக்கரவர்த்தி பீட்டர்ஹாப் மாளிகையில் இருந்தார். அவரைக் காண அமைச்சர்கள் நீராவிப் படகில் செல்ல வேண்டியிருந்தது. இரண்டே வழிகள் எஞ்சின. ஒன்று, விட்டே கூறியபடி மக்களுக்கு உரிமைகளும் சட்டமன்றமும் வழங்குவது. மற்றொன்று, அரச குடும்பத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நிக்கலயேவிச் கோமகனைச் சர்வாதிகாரியாக நியமித்துப் படைவலியால் அடக்குவது. பிரெடரிக்ஸின் உள்ளம் இரண்டாவது வழியையே நாடியது. படைவீரராக வளர்ந்தவர் அல்லவா? கோமகன் தம்மிடம் வந்தபோது அதையே சொன்னார். கோமகனோ தம் கைத்துப்பாக்கியைக் காட்டி, மன்னர் விட்டேயின் திட்டத்தை ஏற்காமல் தம்மைச் சர்வாதிகாரியாகும்படி வற்புறுத்தினால் மன்னர் எதிரிலேயே சுட்டுக்கொண்டு இறப்பதாகக் கூறினார் என்று மொசலோவ் எழுதுகிறார். அக்டோபர் 17ஆம் நாள் சக்கரவர்த்தி உரிமைப் பிரகடனத்திற் கையொப்பமிட்டார். பிரெடரிக்ஸ் தம் கருத்தை அடக்கிக்கொண்டு, மன்னரின் முடிவைத் தம் முடிவாக ஏற்றுக்கொண்டார்.

இந்தப் பண்பே அவரை அசைக்கமுடியாதவராக ஆக்கிற்று. 1905 முதல் 1917 வரை ருஷ்யாவுக்கு விட்டே தொடங்கி கோலித்சின் முடிய ஏழு பேர் பிரதம மந்திரிகளாக வந்தனர், ஒருவர் கொலையுண்டார், மற்றவர்கள் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். அரண்மனை அமைச்சர் மாத்திரம் மாறவில்லை. ரொமானவ் குலத்தின் முந்நூறாம் ஆண்டு விழா 1913இல் கொண்டாடப்பட்டபோது, அவருக்கு ‘கவுண்ட்’ என்னும் பிரபுப் பட்டம் அளிக்கப்பட்டது. அப்போதே அவருக்கு வயது எழுபத்து நான்கு. நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. பெயர்கள் மறந்தன, முகங்கள் மயங்கின. அன்றாட அலுவல்களைத் துணையதிகாரிகள் கவனித்தனர். ஆயினும் மன்னர் அவரை ஓய்வுபெற விடவில்லை. அன்பு காரணமாக ஒருவரைப் பதவியில் வைத்திருப்பது அவருக்கும் நன்மையன்று, பதவிக்கும் நன்மையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அரசியலில் தலையிடாமை என்பது பிரெடரிக்ஸின் வாழ்நாள் கொள்கை. அரண்மனைக் காரியம் தம் காரியம். நாட்டின் காரியம் மற்ற அமைச்சர்களின் காரியம் என்று அவர் வகுத்துக்கொண்டார். வேறொரு காலத்தில் இது அடக்கம் என்று பாராட்டப்பட்டிருக்கலாம். ஆனால் 1915இல் சக்கரவர்த்தி தாமே படைத் தலைமையை ஏற்று மொகிலெவ் நகரத்துப் பாசறைக்குச் சென்ற பிறகு, நாள்தோறும் மன்னரைக் கண்டு பேசக்கூடியவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் மூத்தவர் பிரெடரிக்ஸ். தலைநகரத்தில் உணவுக்கு நீண்ட வரிசைகள். அமைச்சர்கள் மாதத்துக்கு ஒருவராக மாறுகின்றனர். ராஸ்புடின் பெயர் தெருவெங்கும் அடிபடுகிறது. ராஸ்புடினைப் பற்றி அவர் ஒருமுறை மன்னரிடம் வாய் திறந்ததாகவும், அப்பேச்சு மன்னருக்கு உவப்பாக இல்லாமையால் அத்துடன் அது நின்றதாகவும் மொசலோவின் குறிப்பினால் அறிகிறோம். மன்னர் விரும்பாத பேச்சைத் தொடர்வது அரண்மனை மரபுக்கு ஒவ்வாது. மரபைக் காப்பதற்கென்றே அமர்ந்தவர் அதை எப்படி மீறுவார்?

நம்மவர் அமைச்சரின் கடமைகளை வகுத்தபோது, இடித்துரைத்தல் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். மன்னன் செவிக்குக் கசந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது அது. பிரெடரிக்ஸ் வளர்ந்த அணிவகுப்பு மைதானத்தில் அந்தப் பாடம் இருக்கவில்லை.

1917 பிப்ரவரி இறுதியில் பெட்ரோகிராட் நகரத்தில் கிளர்ச்சி மூண்டது. நிலைமை கைமீறிப் போகிறதென்று டூமாவின் தலைவர் ரொட்சியாங்கோ மன்னருக்குத் தந்தி அனுப்பினார். அந்தப் பருத்த மனிதர் மறுபடியும் ஏதோ பிதற்றுகிறார், அதற்குப் பதிலும் அனுப்பப் போவதில்லை என்ற கருத்தில் மன்னர் சொன்னதாக ஒரு பேச்சு வரலாற்று நூல்களில் வழங்குகிறது. அது பிரெடரிக்ஸிடம் சொன்ன பேச்சு. பேரரசின் கடைசி எச்சரிக்கை ஒதுக்கித் தள்ளப்பட்டபோது அருகில் நின்ற செவி அவருடையது.

பிப்ரவரி 28 விடியுமுன் சக்கரவர்த்தியின் இரயில் மொகிலெவை விட்டுப் புறப்பட்டது. தலைநகருக்குச் செல்லும் பாதையில் புரட்சிக்காரர் இருக்கின்றனர் என்ற செய்தி மாலயா விஷேராவில் கிடைத்தது. இரயில் திரும்பி, பொலொகொயே, த்னோ வழியாக மார்ச் 1ஆம் நாள் மாலை ப்ஸ்கோவ் நகரை அடைந்தது. அங்கே வடமுனைப் படைத்தலைவர் ரூஸ்ஸ்கி காத்திருந்தார். மறுநாள் போர்முனைத் தளபதிகளின் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மன்னர் முடிதுறப்பதே வழி என்று அவை கூறின. நிக்கலஸ் இணங்கினார்.

அன்று இரவு சுமார் பத்து மணிக்கு டூமாவின் சார்பில் குச்கோவும் ஷுல்கினும் வந்துசேர்ந்தனர். கசங்கிய உடையோடும் மழிக்காத முகத்தோடும் மன்னர்முன் நிற்க நேர்ந்ததற்கு வெட்கப்பட்டதாக ஷுல்கின் பின்னர் எழுதினார். அவர்களைக் கண்ட பிரெடரிக்ஸ், தலைநகரில் என்ன நடக்கிறது என்று வினவினார். நகரம் சற்று அடங்கியிருக்கிறது. ஆனால் தங்கள் வீடு சூறையாடப்பட்டுவிட்டது, தங்கள் குடும்பத்தார் என்னவானார்கள் என்பது தெரியவில்லை என்று குச்கோவ் மறுமொழி கூறியதாக அந்த இரயிலில் இருந்த அரண்மனை அதிகாரி ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். போச்தாம்ஸ்காயா வீதியில் இருந்த அந்த வீட்டைக் கூட்டம் தீக்கிரையாக்கியிருந்தது. நோயுற்றிருந்த அவருடைய மனைவியை எரியும் வீட்டிலிருந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. ஜெர்மனியோடு போர் நடந்த காலத்தில் ‘பிரெடரிக்ஸ்’ என்ற ஒலியே மக்களுக்குப் பகைவனின் ஒலியாகக் கேட்டது. அறுபது ஆண்டுத் தொண்டு ஒரு பெயரின் ஓசைக்கு முன் நிற்கவில்லை.

இந்தச் செய்தியைக் கேட்டபின் அந்த எழுபத்தெட்டு வயது முதியவர் மன்னரின் இரயில் பெட்டிக்குள் சென்று தம் இடத்தில் அமர்ந்தார். பச்சைப் பட்டு ஒட்டிய சுவர்கள்; ஒரு சிறு மேசை. குச்கோவ் பேசினார், மன்னர் அமைதியாகக் கேட்டார். தம் மகனுக்காக அன்றித் தம்பி மைக்கேலுக்கு ஆதரவாக முடிதுறப்பதாகக் கூறினார். பத்திரம் தட்டெழுத்தில் வந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் நிக்கலஸ் கையொப்பமிட்டார். ஆனால் பத்திரத்திற் குறித்த நேரம் பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். தூதர்களின் வற்புறுத்தலால் நிகழ்ந்ததன்று, மன்னர் முன்னரே தாமாகக் கொண்ட முடிவு என்று விளங்கும்பொருட்டு அவ்வாறு குறித்தனர்.

இனி மேலொப்பம் வேண்டும். மன்னரின் ஆணை செல்லுபடியாவதற்கு அமைச்சர் ஒருவரும் அதன்கீழ்க் கையொப்பமிட வேண்டும் என்பது 1906ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம். வேறு எந்த அமைச்சர் இருக்கிறார்? அமைச்சரவை தலைநகரில் சிதறிவிட்டது. மாளிகைகளுக்கும் லாயங்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் உரிய அமைச்சர் ஒருவரே மன்னருடன் எஞ்சியிருந்தார். அரசியலில் தலையிடுவதில்லை என்று வாழ்நாள் முழுவதும் விரதம் காத்தவர், தம் நாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய அரசியற் செயலுக்குச் சான்றளித்தார். 1613 முதல் முந்நூற்று நான்கு ஆண்டுகள் ஆண்ட குலத்தின் ஆட்சி முடிந்தது. மறுநாள் மைக்கேலும் முடியை ஏற்க மறுத்துவிட்டார்.

மொகிலெவுக்குத் திரும்பிய மன்னருடன் பிரெடரிக்ஸ் நீடித்திருக்க முடியவில்லை. அவர் பெயரே படைவீரருக்குச் சினமூட்டும் என்று அஞ்சி அவரை அங்கிருந்து அனுப்பிவிட்டனர். வழியில் கோமெல் நிலையத்தில் அவர் கைதுசெய்யப்பட்டுத் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டார். மன்னரும் அவரும் மறுபடி சந்திக்கவில்லை. தற்காலிக அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு அவரையும் விசாரித்தது. அக்குழுவின் பதிவுகளைச் செப்பம் செய்தவர்களுள் கவிஞர் அலெக்சாந்தர் பிளோக்கும் ஒருவர். பழைய ஆட்சியின் இரகசியங்களை அம்முதியவரிடமிருந்து அறியலாம் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். நினைவு தடுமாறிய ஒரு கிழவரையே அவர்கள் கண்டனர். குற்றம் எதுவும் அவர்மீது நிலைநாட்டப்படவில்லை.

1918 ஜூலையில் நிக்கலஸும் அவர் குடும்பத்தாரும் எக்காத்தரின்பர்க் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய அரண்மனையை ஆண்டவர் பசியும் குளிரும் நிறைந்த பெட்ரோகிராடில் உயிர் வாழ்ந்தார். பின்னர், 1920க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், பின்லாந்து செல்ல சோவியத் அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது. ஹெல்சிங்கிக்கு அருகில் கவுனியாய்னென் என்னும் சிற்றூரில் அவர் 1927 ஜூலையில் காலமானார். அப்போது வயது எண்பத்தெட்டு. அந்தப் பின்லாந்தும் ஒரு காலத்தில் அவர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1917இல் விடுதலை பெற்ற நாடுதான்.

இந்த வாழ்க்கையை எப்படி மதிப்பிடுவது? குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் திருடவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை, தளபதிகள் பலர் மன்னரைக் கைவிட்ட இரவில் அவர் உடனிருந்தார். தம் வீடு எரிந்த செய்தி கேட்டும் தம் இடத்தைவிட்டு நகரவில்லை. இவை சிறிய குணங்கள் அல்ல. ஆனால் வீரர் என்றும் சொல்வதற்கில்லை. மன்னரிடம் அவர் கொண்ட அன்பு மன்னரின் மனம் நோகாமற் காத்தது; மன்னரைக் காக்கவில்லை. வீட்டின் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றனவா, திரைகள் நேராகத் தொங்குகின்றனவா என்று நாள் தவறாமற் பார்த்தவர், அடித்தளத்தில் விரிசல் கண்டபோது, அது என் இலாகா அன்று என்று திரும்பிவிட்டார்.

குறை அவருடையது மட்டுமா? இத்தகைய பணியாளரையே மன்னர் விரும்பினார். மாறுபட்டுப் பேசிய விட்டே போன்றோர் நீடிக்கவில்லை. மாறுபட்டுப் பேசாத பிரெடரிக்ஸ் இருபது ஆண்டுகள் நீடித்தார். கேட்க விரும்பாத தலைவனும் சொல்ல விரும்பாத பணியாளனும் ஒருவரையொருவர் தேடிக்கொள்கின்றனர். இருவருடைய உறவும் இனிமையாகவே நடைபெறுகிறது. அதற்குரிய விலையை அவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. ஒரு நாடே கொடுக்கிறது.

அரண்மனைகள் இன்று காட்சிச்சாலைகளாகிவிட்டன. ஆனால் அலுவலகங்களிலும் கழகங்களிலும் நிறுவனங்களிலும் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருகில் நல்லவர்களும் இருக்கிறார்கள். நாணயமுள்ளவர்கள், பணிவுள்ளவர்கள், தம் பகுதி வேலையைக் குறைவறச் செய்பவர்கள். அவர்கள் எழுதும் இரண்டாவது கையொப்பம் எத்தனையோ தாள்களில் நாள்தோறும் விழுகிறது. அந்தக் கையொப்பத்துக்கு முன்னால் ஒரு சொல் சொல்லக் கூடியது இருந்ததா, அதைச் சொன்னோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ப்ஸ்கோவ் நிலையத்து இரவில் பிரெடரிக்ஸ் பிரபு அந்தத் தாளில் கையொப்பமிட்டபோது, சொல்வதற்குரிய காலம் கடந்துவிட்டிருந்தது. எழுதுவதற்கு ஒரு பெயர் மட்டுமே மிஞ்சியிருந்தது.